ஆச்சா மரம்: இயல்பும் பயனும்

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவில், எட்டாம் நாளாகிய அறுபத்து மூவர் விழாவன்று மாட வீதிகளில் எள் விழ இடமிராது. அத்தனை பெருங்கூட்டத்தின் இரைச்சலையும் ஊடுருவிக்கொண்டு ஓர் ஓசை கேட்கும். அது நாகசுரம். அதனைக் கேட்டு மகிழ்வோர் வாசிக்கும் வித்துவானைப் போற்றுவர். சிலர் அக்கருவியைச் செய்த ஆசாரியையும் நினைப்பர். அக்கருவி எந்த மரத்தினால் ஆனது, அம்மரம் எங்கு விளைகிறது, இன்னும் எத்தனை காலத்துக்குக் கிடைக்கும் என்று வினவுவோர் மிகச் சிலரே. அம்மரத்தின் பெயர் ஆச்சா.

நெசவாளரும் பயிரிடுவோரும் படிக்கும் ஏட்டில் நாகசுர மரத்துக்கு என்ன இடம் என்று உறுப்பினர்கள் கேட்கலாம். காரணங்கள் மூன்று உண்டு. நம் வறண்ட மேட்டு நிலங்களுக்கு உரிய மரங்களுள் ஆச்சா தலையாயது. எளிதில் மட்காத மரம் எது, அது ஏன் மட்குவதில்லை என்ற அறிவு தறிக்கால் நடுவோருக்கும் வேலிக்கால் நடுவோருக்கும் ஒருங்கே வேண்டற்பாலது. இவ்விரண்டினும் முக்கியமானது மூன்றாவது காரணம். இம்மரத்தை நம்பி வாழும் கைத்தொழில் ஒன்று இன்று பழைய வீடுகளின் உத்தரங்களை எதிர்பார்த்து நிற்கிறது. அந்நிலையை மாற்றத் தனி மனிதரால் இயலாது, கூட்டுறவினால் இயலும்.

பெயரும் பிறப்பிடமும்

தாவர நூலார் இம்மரத்தை ஹார்ட்விக்கியா பைனேட்டா என்பர். சோழமண்டலக் கரையின் தாவரங்களை ஆராய்ந்த வில்லியம் ராக்ஸ்பர்க், தம் நண்பரான தாமஸ் ஹார்ட்விக் என்னும் படைத்தலைவரின் பெயரை இதற்குச் சூட்டினார். 'பைனேட்டா' என்பது இரட்டை என்னும் பொருளுடையது. ஒவ்வோர் இலையும் இரண்டு சிற்றிலைகளாகப் பிரிந்து மாட்டின் குளம்படி போலத் தோன்றுவதால் அப்பெயர் வந்தது. இந்தியில் இதனை அஞ்சன் என்றும், தெலுங்கில் நாரயேப்பி என்றும், கன்னடத்தில் கமரா என்றும் வழங்குவர். தெலுங்குப் பெயரிலேயே 'நார்' என்ற சொல் அமைந்திருப்பதை நெசவாளர்கள் கவனிக்கலாம். இதன் பட்டையிலிருந்து உரிக்கும் நார் கயிறு திரிக்கப் பயன்படும் அளவுக்கு வலிவுடையது.

பெயர் பற்றி ஓர் எச்சரிக்கையும் இங்குக் கூறவேண்டும். தமிழ் அகராதிகளில் ஆச்சா என்ற சொல் சாலமரத்தையும் குறிக்கும். சாலமரம் வட இந்தியாவிலும் நடு இந்தியாவிலும் பெருங்காடுகளாக வளர்வது. நம் நாட்டு மேட்டு நிலங்களுக்கு உரியதன்று. ஆகவே நாற்று வாங்குவோர் ஆச்சா என்ற சொல்லை மட்டும் நம்பாமல், தாவர நூற் பெயரையும் சொல்லிக் கேட்பதும், இரட்டைச் சிற்றிலையைக் கண்ணால் பார்த்துக்கொள்வதும் நல்லது.

தக்காணப் பீடபூமியின் வறண்ட பகுதிகளே ஆச்சாவின் பிறப்பிடம். தமிழ்நாட்டில் சேலம், தருமபுரி முதலிய பகுதிகளின் மலைச்சரிவுகளில் இதனைக் காணலாம். ஆழமற்ற மண், பிளந்த பாறை, குறைந்த மழை ஆகிய மூன்றும் கூடிய இடத்தில் பிற மரங்கள் குன்றி நிற்க, இது மட்டும் நேராக உயர்ந்து நிற்கும். இளங்கன்று தன் ஆற்றலையெல்லாம் முதலில் ஆணிவேருக்கே செலவிடுகிறது. மேலே ஒரு சாண் வளர்வதற்குள் கீழே பல சாண் இறங்கிப் பாறையின் இடுக்கில் நீரைத் தேடிவிடும். முதிர்ந்த மரம் 25 முதல் 30 மீட்டர் உயரம் வரை வளரும். நுனிக்கிளைகள் மெலிந்து தொங்கும் அழகினால் தூரத்திலிருந்தே இதனை அடையாளம் காணலாம்.

வைரம் என்பது யாது?

மரத்தை அறுத்துப் பார்த்தால் வெளிப்புறத்தில் வெளிர்ந்த வளையமும் உள்ளே கறுத்த பகுதியும் தெரியும். வெளிப்பகுதி உயிருள்ளது, வேரிலிருந்து நீரை மேலே கொண்டு செல்வது. உட்பகுதி அவ்வேலையை முடித்து ஓய்ந்தது. ஓயும்போது மரம் தன் உட்குழாய்களில் பலவகை வேதிப்பொருள்களை நிரப்பி அடைத்துவிடுகிறது. இவ்வாறு அடைபட்ட பகுதியையே நம் மக்கள் வைரம் என்றும் சேகு என்றும் சொல்வர். பழந்தமிழில் அது காழ் எனப்படும். புறத்தே காழ் உடைய பனை, தென்னை முதலியவற்றைப் புல் என்றும், அகத்தே காழ் உடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியர் வகுத்தார். தச்சுத் தொழிலின் முதற்பாடமே இலக்கணமாக அமைந்துவிட்டது எனலாம்.

ஆச்சாவின் வைரம் கருஞ்சிவப்பு நிறமும், ஊடே ஊதா கலந்த கோடுகளும் உடையது. இந்திய மரங்களுள் மிகக் கனமானவற்றில் இது ஒன்று. நன்கு உலர்ந்த தேக்கு ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 650 கிலோகிராம் நிற்கும். ஆச்சாவின் முதிர்ந்த வைரமோ 1,000 கிலோகிராமுக்கு மேலும் நிற்கும். ஒரு கன மீட்டர் நீரின் எடை 1,000 கிலோகிராம். ஆதலால் ஆச்சா வைரம் நீரில் மிதவாது. கல்லைப் போல் அமிழ்ந்துவிடும்.

இக்கனமே இதன் சிறப்புக்கும் குறைக்கும் காரணம். பாரம் தாங்கும் தூண், உத்தரம், பாலக்கட்டை, வண்டிச் சக்கரத்தின் குடம், ஏர், செக்கு முதலிய கடும் உழைப்புக்குரிய பொருள்களுக்கு இது ஏற்றது. ஆனால் வாளையும் உளியையும் விரைவில் மழுக்கிவிடும். ஆணி இறங்காது; முன்னரே துளையிட வேண்டும். பச்சையாக வெயிலில் போட்டால் மேற்பரப்பில் பிளவுகள் தோன்றும். மேசை, நாற்காலிகளுக்கு இதனைத் தச்சர் விரும்பாமைக்கு இதுவே காரணம்.

மட்குவது எதனால்?

மரம் தானாக மட்குவதில்லை. பூஞ்சை தின்பதால் மட்குகிறது. கரையான் தின்பதால் அழிகிறது. பூஞ்சைக்கு உணவு, காற்று, ஈரம் ஆகிய மூன்றும் வேண்டும். மரத்தின் உலர்ந்த எடையில் ஈரம் நூற்றுக்கு 20-க்குக் கீழே இருக்குமாயின் மட்கச் செய்யும் பூஞ்சை வளராது. வீட்டுக் கூரையின் கீழ் உலர்ந்து நிற்கும் உத்தரம் நூறாண்டு கெடாதிருப்பதன் இரகசியம் இதுவே. நீரில் முழுதும் மூழ்கிய மரத்துக்குக் காற்றுக் கிடைப்பதில்லை. ஆகையால் அதுவும் நெடுங்காலம் கெடாது. கிணற்றின் அடியில் நெல்லிக்கட்டை வளையம் இறக்கிய நம் முன்னோர் இதனை அனுபவத்தில் அறிந்திருந்தனர்.

கெடுதல் நேர்வது இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இடத்தில். வேலிக்காலைப் பிடுங்கிப் பாருங்கள். மண்ணுக்கு மேலே உறுதியாகவும், ஆழத்தே உறுதியாகவும் இருக்கும். மண் மட்டத்தை ஒட்டிய ஒரு சாண் அளவில் மட்டும் உளுத்திருக்கும். அங்கேதான் ஈரமும் காற்றும் ஒருங்கே கூடுகின்றன. குழித்தறியின் கால்களுக்கும் இதே கதிதான். குழியின் மண்சுவர் மழைக்காலத்தில் கசியும். கால் தளர்ந்தால் படமரம் சாயும். படமரம் சாய்ந்தால் துணியின் கரை நேராக வாராது. நெய்தவர் தம் கையைக் குறை கூறிக்கொள்வார். குறையோ மண் மட்டத்தில் உளுத்த கட்டையில் இருக்கும்.

இதற்குப் பரிகாரம் இரண்டு. ஒன்று, இத்தகைய இடங்களில் வைரம் மட்டுமே உள்ள கட்டையை நடுதல். ஆச்சாவாயினும் வேறெந்த மரமாயினும், வெளிர்ந்த புறப்பகுதி பூஞ்சைக்கும் கரையானுக்கும் இரையே. மரத்தின் பெயரைக் கேட்டு வாங்குவதனால் மட்டும் பயனில்லை. வெட்டு முகத்தைப் பார்த்து வெளிறு கழித்து வாங்குதல் வேண்டும். மற்றொன்று, ஈரம் தங்காதபடி செய்தல். தறிக்காலைச் சுற்றி மண்ணை மேடாக்கி நீர் வடியவிடுவதும், கல்லின் மேல் காலை நிறுத்துவதும் செலவில்லாத வழிகள்.

நாகசுரத்துக்கு ஆச்சா ஏன்?

தஞ்சை மாவட்டத்தில் கும்பகோணம் – மயிலாடுதுறைச் சாலையில் உள்ள சிற்றூர் நரசிங்கம்பேட்டை. நாகசுரம் என்றவுடன் நினைவுக்கு வரும் ஊர் இதுவே. முற்காலத்தில் பெரிதும் வழங்கியது திமிரி என்னும் குட்டையான நாகசுரம்; அதன் சுருதி உயர்ந்தது. இருபதாம் நூற்றாண்டில் திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையவர்கள் சுருதி தாழ்ந்ததும், நீண்டதும், நாதம் கனிந்ததுமான பாரி நாகசுரத்தைப் பெருவழக்காக்கினார்கள். அவர்களுக்கு உறுதுணையாக நின்று அக்கருவியைத் திருத்தியமைத்தவர் நரசிங்கம்பேட்டை அரங்கநாதன் ஆசாரி. இராஜரத்தினம் பிள்ளையவர்கள் 1956-இல் சென்னையில் மறைந்தார்கள். அவர்கள் வகுத்த பாதையிலேயே இன்றைய வித்துவான்கள் வாசிக்கின்றனர்.

பாரி நாகசுரத்தின் நீளம் ஏறத்தாழ இரண்டரை அடி. உலவு என்னும் நீண்ட குழல் ஆச்சா மரத்தாலானது. அதன் கீழே விரிந்த அணசு பொருத்தப்படும். மேலே கெண்டையும் சீவாளியும் அமையும். குழலில் விரல் வைத்து வாசிக்கும் துளைகள் 7; அவற்றின் கீழே சுருதி திருத்துவதற்காக அமைந்தவை 5; ஆக 12 துளைகள். உட்குழாய் மேலே குறுகியும் கீழே வரவர விரிந்தும் இருக்க வேண்டும். உத்தரத்தை அறுத்துச் சதுரக் கட்டையாக்கி, கடைசல் பட்டறையில் உருட்டி, நீண்ட துளைகருவியால் இருபுறமிருந்தும் குடைந்து இதனைச் செய்கின்றனர்.

நாதம் பிறப்பது குழலின் உள்ளே அதிரும் காற்றில். குழலின் உட்சுவர் துளையுடைய மெல்லிய மரமாயிருந்தால் அவ்வதிர்வின் ஒரு பகுதியைச் சுவரே விழுங்கிவிடும். அடர்ந்த வைரமோ கண்ணாடி போல் வழவழப்பாகக் குடையப்படும், அதிர்வு வீணாகாது. இரண்டாவது காரணம் ஈரம் பற்றியது. திருவிழாவில் நாகசுரக்காரர் பல மணி நேரம் தொடர்ந்து வாசிக்கிறார். அத்தனை நேரமும் அவருடைய மூச்சின் ஈரம் குழலின் உட்சுவரில் படிகிறது. மறுநாள் அது உலர்கிறது. இவ்வாறு நனைந்தும் உலர்ந்தும் பல ஆண்டுகள் கழிகின்றன. ஈரத்தால் பருக்கும் மரமானால் துளைகள் குறுகிச் சுரம் பிசகும். மட்கும் மரமானால் சில ஆண்டுகளில் குழலே கெடும். தறிக்காலுக்கு வேண்டிய அதே குணம், அதனினும் நுட்பமான அளவில், நாகசுரத்துக்கும் வேண்டியிருக்கிறது.

பழைய வீட்டு மரம்

புதிதாக வெட்டிய ஆச்சா இத்தொழிலுக்கு உதவாது. அதில் ஈரமும் பசைப்பொருளும் மிகுதி, குடைந்தபின் வெடிக்கும். ஆகவே நரசிங்கம்பேட்டைத் தொழிலாளர்கள் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கும் தூண்களையும் உத்தரங்களையுமே தேடி வாங்குகின்றனர். எழுபது, எண்பது, நூறு ஆண்டுகள் கூரையின் கீழ் நிழலில் நின்று, ஒவ்வோர் ஆண்டின் மழையையும் கோடையையும் கண்டு, இனிச் சுருங்குவதற்கோ வளைவதற்கோ இடமில்லை என்னும்படி பதப்பட்ட மரம் அது. எந்தத் தொழிற்சாலையும் செய்ய முடியாத பக்குவத்தை ஒரு பழைய வீடு செய்து கொடுத்திருக்கிறது.

ஆனால் அந்த வீடுகள் எத்தனை நாளைக்கு? இக்கேள்விக்கு விடை காணச் சென்னையின் தென்பகுதியைப் பார்த்தால் போதும். தியாகராய நகர் 1920-களில் புதிய நகராக வகுக்கப்பட்டது. அங்கும் மயிலாப்பூரிலும், நெருக்கமாக அடுக்கிய மரச்சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் பதித்துச் சுண்ணாம்பிட்டுக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் கூரை வீடுகள் நிரம்பியிருந்தன. அவற்றுட் பெரும்பாலானவை இன்று இல்லை. அவை இருந்த மனைகளில் அடுக்கு வீடுகள் எழுந்துவிட்டன. அவ்வீடுகளின் மரம் பெரும்பாலும் பர்மாத் தேக்கு, ஆச்சா அன்று. எனினும் பாடம் ஒன்றே. பழைய வீடுகள் இடிபடும் காலம் ஒரு தலைமுறை நீடிக்கும். அதன்பின் இடிக்கப்படுபவை கம்பியும் சிமெண்டுமாகவே இருக்கும். காவிரிக் கரை ஊர்களிலும் அந்நாள் தொலைவில் இல்லை. இன்று கிடைக்கும் பழைய ஆச்சா, நம் பாட்டனார் காலத்துக்கு முன்னே யாரோ வெட்டியது. அதற்கும் முன்னே காட்டில் தானே முளைத்தது. நாம் அதில் ஒன்றையும் நட்டோமில்லை.

பெயருக்குக் காப்பு, மரத்துக்கு?

நரசிங்கம்பேட்டை நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடு வழங்க வேண்டும் என்று 2014-இல் விண்ணப்பித்தது தஞ்சாவூர் இசைக்கருவித் தொழிலாளர்களின் கூட்டுறவுக் குடிசைத் தொழில் சங்கமேயாகும். நம் இயக்கத்தைச் சேர்ந்த ஒரு சங்கம் இதனைச் செய்தது என்பது நமக்குப் பெருமை. அக்குறியீடு 2022-இல் கிடைத்தது. இந்தியா முழுமைக்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகம் அடையாற்றுக்கு அண்மையில், கிண்டியில் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டும் இதே குறியீட்டைப் பெற்றதே ஆகையால் இதன் பொருளை நெசவாளர் நன்கு அறிவர். வேறிடத்தில் செய்த பொருளை நரசிங்கம்பேட்டையின் பெயரால் விற்கலாகாது என்பதே அதன் சாரம்.

பெயருக்குச் சட்டக்காப்பு வந்துவிட்டது. ஆனால் கச்சாப்பொருளுக்கு எந்தச் சட்டமும் காப்பளிக்கவில்லை. நூல் கிடையாத ஊரில் கைத்தறி முத்திரை மட்டும் இருந்தால் நெசவாளருக்கு என்ன பயன்? தொழிலில் நிலைத்து நிற்கும் குடும்பங்கள் மிகச் சிலவாகிவிட்டன. மரம் தேடி அலைவதும், கிடைத்தபோது கேட்ட விலை கொடுப்பதும், உத்தரத்தின் உள்ளே வெடிப்பு இருந்தால் அந்நட்டத்தைத் தாமே ஏற்பதும் அவர்களுடைய தலையெழுத்தாக இருக்கின்றன.

கடல் கடந்த ஓர் எடுத்துக்காட்டு

இதே இக்கட்டு மேல்நாட்டுக் கருவிகளுக்கும் உண்டு. கிளாரினெட், ஓபோ என்னும் ஊதுகருவிகள் ஆப்பிரிக்கக் கருமரத்தால் செய்யப்படுகின்றன. அதுவும் அவரை இனத்தைச் சேர்ந்தது. அதுவும் நீரில் அமிழும். அதுவும் மெல்ல வளர்வது. கிழக்காப்பிரிக்காவில் தான்சானியா, மொசாம்பிக் நாடுகளின் காடுகளிலிருந்து அது வருகிறது. சுவாஹிலி மொழியில் அதன் பெயர் எம்பிங்கோ. நெடுங்காலம் அம்மரத்தை வெளியார் வெட்டிச் சென்றனர். காட்டோரத்துக் கிராமத்தாருக்குக் கிடைத்தது மிகச் சொற்பம். தமக்குப் பயன்தராத காட்டைக் காப்பதில் அவர்களுக்கும் அக்கறை பிறக்கவில்லை.

தான்சானியாவின் கில்வா மாவட்டத்தில் சில கிராமங்கள் தங்கள் காட்டைத் தாங்களே பொதுவில் நிர்வகிக்க முன்வந்தன. ஆண்டுக்கு எத்தனை மரம் வெட்டலாம் என்று கணக்கிட்டு, அவ்வளவே வெட்டி, விலையைத் தாங்களே பேசி, வருவாயைக் கிராமப் பொதுக்காரியங்களுக்குச் செலவிட்டன. 2009-இல் அக்காடுகளுக்குப் பன்னாட்டு வனப்பொறுப்பாண்மை அமைப்பின் சான்று கிடைத்தது. மரம் வளர்ப்போரும் கருவி செய்வோரும் ஒருவரையொருவர் அறியாதிருந்த நிலை மாறி, இடையே ஒரு நேர்வழி உண்டாயிற்று. பெயர் எதுவாயினும் அது கூட்டுறவே. மலைச்சரிவில் ஆச்சா வளர்ப்போருக்கும் காவிரிக் கரையில் அதனைக் குடைவோருக்கும் இடையே அத்தகைய வழி இங்கும் வேண்டும்.

பயிரிடுவோர் அறிய வேண்டியவை

நடுவதற்கு முன் நிலத்தைப் பார்க்க வேண்டும். ஆச்சாவுக்கு நீர் தேங்காத மேட்டு நிலமே ஏற்றது. சரளை மண்ணும் பாறை கலந்த மண்ணும் தாழ்வில்லை. சென்னையை அடுத்த கடற்கரை மணலிலும், வடிகாலற்ற வண்டலிலும் இதனை வற்புறுத்தி நடவேண்டாம். கடற்கரைக்கு உரிய மரங்கள் வேறு உண்டு. கபாலீசுவரர் கோயிலின் தலமரமாகிய புன்னை அவற்றுள் ஒன்று. படகு கட்ட அதன் பலகை பயன்பட்டது. பூவரசு மற்றொன்று. அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளை நம் நாட்டில் இல்லை. அதன் வைரமும் நன்கு உழைக்கும்.

ஆச்சாவின் காய் இறகு போல் தட்டையானது. நுனியில் ஒரே விதை இருக்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் காய்கள் முற்றிக் காற்றில் பறந்து விழும். ஆண்டுதோறும் மிகுதியாகக் காய்ப்பதில்லை. மூன்று முதல் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறையே நல்ல விளைச்சல் உண்டு. ஆகவே காய்த்த ஆண்டில் தவறாமல் விதை சேர்த்தல் வேண்டும். விதையை ஒரு நாள் நீரில் ஊறவைத்து விதைக்கலாம். ஆணிவேர் விரைந்து நீளுவதால், குட்டையான பைகளில் வளர்த்தால் வேர் சுருண்டுவிடும். நீண்ட பையில் வளர்த்து இளங்கன்றாகவே நடுவது அல்லது மழைக்கு முன் இடத்திலேயே விதையூன்றுவது நல்லது. முதற்சில ஆண்டுகள் ஆடு, மாடு கடியாமல் காக்க வேண்டும். ஏனெனில் இதன் தழை அவற்றுக்கு மிகவும் பிடித்தமானது.

வைரம் பாய அறுபது, எழுபது ஆண்டுகள் செல்லுமே, இவ்வாண்டு வட்டி கட்டவேண்டிய குடியானவன் இதனை எப்படி நடுவான் என்று கேட்பது நியாயமே. விளைநிலத்தை ஆச்சாவுக்கு ஒழித்துக் கொடுக்குமாறு எவரும் சொல்லார். வரப்போரம், பாறை மேடு, உழவுக்கு உதவாத மூலை ஆகிய இடங்களே இதற்குப் போதும். மரம் வளர்ந்தபின் கிளை கழித்துத் தழையைக் கால்நடைகளுக்கு இடலாம். கழித்த இடத்தில் மீண்டும் தழைக்கும். கோடையில் வைக்கோல் தீர்ந்த நாட்களில் இத்தழையின் அருமை தெரியும். கழித்த கிளைகளின் பட்டை நாருக்காகும். இவ்வாறு மரம் நின்றபடியே வட்டி தருகிறது. அடிமரம் முதலாக வளர்ந்துகொண்டே இருக்கிறது. அந்த முதலைப் பேரப்பிள்ளைகள் எடுத்துக்கொள்வர்.

வளர்ந்த மரத்தை வெட்டுவதற்கும் கொண்டு செல்வதற்கும் உரிய விதிகளை வனத்துறையினரிடம் முன்னரே கேட்டுத் தெரிந்துகொள்க. நட்ட ஆண்டையும் எண்ணிக்கையையும் எழுதி வைப்பது பிற்காலத்தில் வழக்கைத் தவிர்க்கும். நாற்றும் நடவு முறையும் பற்றிய ஆலோசனைக்கு மேட்டுப்பாளையத்திலுள்ள வனவியல் கல்லூரியை நாடலாம்.

சங்கங்கள் செய்யக்கூடியவை

முதலாவது, பழைய மரத்தைக் காத்தல். வீடு பிரிப்போருக்குத் தம் கையிலுள்ள மரத்தின் பெயரும் மதிப்பும் தெரிவதில்லை. நல்ல வைரமும் விறகாகப் போகக்கூடும். கருஞ்சிவப்பாய், கனமாய், ஒரு துண்டை நீரில் இட்டால் அமிழ்வதாய் இருந்தால் அதனைத் தனியே எடுத்து வைக்க வேண்டும். கருங்காலி முதலிய வேறு மரங்களும் அமிழுமாதலின், இது ஆச்சாதான் என்று தேர்ந்த தச்சர் ஒருவர் உறுதி செய்தல் வேண்டும். ஊர்ச் சங்கங்கள் இச்செய்தியை இசைக்கருவித் தொழிலாளர் சங்கத்துக்குத் தெரிவித்தாலே பெரும்பயன் விளையும்.

இரண்டாவது, கூட்டுறவு மரக் கிடங்கு. தனித் தொழிலாளி ஒருவர் இன்று மரம் வாங்கினால் இம்மாதமே அதனைக் கருவியாக்கி விற்றாக வேண்டும்; பத்தாண்டு உலரட்டும் என்று முதலை முடக்கி வைக்க அவரால் ஆகாது. சங்கத்தால் ஆகும். சங்கத்துக்கு மூப்பில்லை. திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-இல் தொடங்கியது, அதனைத் தொடங்கியவர்களுள் இன்று எவரும் இல்லை, சங்கம் இருக்கிறது. தலைமுறை கடந்து பொறுத்திருக்க வல்லது கூட்டுறவு ஒன்றே. நிழலும் காற்றோட்டமும் உள்ள கொட்டகையில் கட்டைகளை இடைவெளி விட்டு அடுக்கி, இரு முனைகளிலும் மெழுகு பூசி, வாங்கிய ஆண்டை எழுதி, முறைப்படி எடுத்துக் கொடுக்கலாம்.

மூன்றாவது, நடுதல். மேட்டு நிலமுள்ள ஒவ்வொரு சங்கமும் தன் பொது இடத்தில் பத்து ஆச்சாக் கன்றுகளை நட்டு, மகாசபைக் குறிப்பேட்டில் அவற்றைச் சங்கத்தின் சொத்தாகப் பதிவு செய்யட்டும். பத்து என்பது சிறிய எண்ணே. ஆயினும் ஓர் அடிமரத்தில் பல நாகசுரங்களுக்கு உரிய கட்டை உண்டு என்பதை நினைத்தால் அது சிறிதன்று.

சென்னையில் இசைக்கு வேண்டிய ஏற்பாடுகள் குறைவில்லை. மார்கழி வந்தால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் சபைகள் நிறைகின்றன. அடையாற்றங்கரையில் அரசு இசைக் கல்லூரியில் இளைஞர்கள் நாகசுரம் பயில்கின்றனர். ருக்மிணி தேவி அவர்கள் 1936-இல் அடையாற்றில் தொடங்கிய கலாசேத்திராவில் இசையும் கைத்தறி நெசவும் ஒரே வளாகத்தில் இடம்பெற்றன. கேட்பவர் உளர், கற்பவர் உளர், செய்பவரும் இன்னும் சிலர் உளர். குறைவது மரம் ஒன்றே. அதனை வளர்க்க நிலம் வேண்டும், காலம் வேண்டும், கூடிச் செய்யும் மனம் வேண்டும். நிலம் பயிரிடுவோரிடம் உண்டு. காலம் சங்கத்திடம் உண்டு. மூன்றாவதை வரும் மழைக்காலத்துக்குள் நம் மகாசபைகள் முடிவு செய்ய வேண்டும்.